ஒன்பதாம் பெயர்

ஹோவர்ட் குடா,
பிராவிடென்சியா தீவு.
1984 ஜனவரி 12

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஜெல்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகம். கண்ணும் கையும் இன்னும் சொன்னபடி கேட்கின்றன. உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைத்தாயா என்று போன ஆண்டு கேட்டதற்கே பதில் வரவில்லை.

வரும் அக்டோபரில் நம் சபைக்கு நூறு வயது நிறைகிறது. வரலாற்றை எழுதி அச்சிடுவது என்று சபைக் கூட்டத்தில் முடிவாயிற்று. எழுத என்னை விட்டால் ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாகச் சபைச் செயலராக இருக்கிறேன். பதிவேடுகள் அத்தனையும் என் பீரோவில், கரையான் தொடாமல் இருக்கின்றன. நம் இளம் போதகர் டெல்வின், "ஏறக்குறைய 1884"-இல் சபை தொடங்கியது என்று எழுதினால் போதாதா என்றார். அந்த ‘ஏறக்குறைய’ என் புத்தகத்தில் வராது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு அதிகாரங்கள் முடிந்தன. பருத்திக் கொட்டகையில் கெசியா ஹோவர்ட் கரித்துண்டால் பலகையில் எழுதி, விடுதலையான அடிமைகளின் பிள்ளைகளுக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது முதல், உடைந்த கப்பலின் மரத்தால் ஆலயம் எழுப்பியது வரை. இப்போது மூன்றாவது. அரசாங்கம் கத்தோலிக்கருக்கு மட்டும் பள்ளியிடமும் வேலையும் கொடுத்த ஆண்டுகள். தொண்ணூற்றாறு பேர் இருந்த சபை இருபத்திரண்டாகச் சுருங்கிற்று. அந்த அதிகாரத்துக்கு "விலை போனவர்கள்" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். கடைசியில் இதுவரை முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற எல்லாருடைய பெயரும் வரிசையாக வரும்.

ஒரு விவரம் வேண்டும். 1931-ஆம் ஆண்டு முழுக்கு அன்று கரையில் பாட்டை எடுத்தது யார்? பதிவேட்டில் இல்லை. நீ அங்கே இருந்தாய்.

பதில் சுருக்கமாக இருக்கட்டும், தெளிவாக இருக்கட்டும்.

உன் மூத்த சகோதரி,
ஆல்வீனா ராபின்சன்

---

கொலோன், பனாமா.
பிப்ரவரி 20

அன்பான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

ஒரு கால் தூண் மாதிரி வீங்கியிருக்கிறது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு மற்றதும் இப்போது வீங்குகிறது. உப்பைக் குறைத்துவிட்டேன். குறைத்த பிறகு ரொட்டிப்பழம் ரொட்டிப்பழமாகவே இல்லை. உன் இடுப்பு வலி எப்படி? நீ அதைப் பற்றி எழுதுவதே இல்லை.

பாட்டை எடுத்தது மிஸ் ஃப்ளோரிதா. எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போய்விட்டாள்; இரண்டாவது அடியில் அவளுக்கே குரல் வரவில்லை. எனக்கு முன்னால் நின்ற தியோ சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. அதையும் எழுதுவாயா?

அக்கா, எனக்கும் ஒன்று வேண்டும். இங்கே நம் தீவு ஜனங்கள் கூடும் சபைக்குப் புதுப் போதகர் வந்திருக்கிறார். அங்கத்தினர் பட்டியலைச் சரிபார்த்தார். நாற்பது வருடமாக நான் பின் பெஞ்சில் உட்காருகிறேன், பட்டியலில் பெயர் இல்லை. திருவிருந்துத் தட்டு என்னைத் தாண்டிப் போகும். பக்கத்தில் இருப்பவள் முழங்கையை உயர்த்தி, என் மடியில் சிந்தாமல் அடுத்தவளுக்குக் கொடுப்பாள். போதகர் நல்ல பிள்ளை. "நீங்க எங்கம்மா முழுக்கு எடுத்தீங்க? அந்தச் சபையிலேருந்து ஒரு கடிதம் வந்தாப் போதும், அடுத்த திருவிருந்துல உங்களுக்கும் உண்டு" என்றார். சபைக்குச் சபை எழுதும் கடிதம்தான், உனக்குத் தெரியாததா. எத்தனை பேருக்கு எழுதியிருப்பாய்.

இரண்டு வரி போதும். நுரையீரலிலும் நீர் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். அதனால்தான் கேட்கிறேன். இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டேன்.

ஜெல்மா

---

ஹோவர்ட் குடா,
மார்ச் 9

பிரியமான ஜெல்மாவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. டாக்டர் சொன்னபடி நட. தலையணையை உயர்த்தி வைத்துப் படு. இங்கே மழை இல்லை. தொட்டியில் கால் பங்குத் தண்ணீர்தான் இருக்கிறது. என் இடுப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மிஸ் ஃப்ளோரிதா பற்றிய விவரத்துக்கு நன்றி. சிரித்ததை எழுத மாட்டேன்.

கடிதம் பற்றி: சபைச் செயலர் பதிவேட்டில் உள்ளதைத்தான் எழுத முடியும். நேற்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். 1931 மே 17, ஞாயிறு. பதினாலு பேர். உன் பெயர் இல்லை. அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் இல்லை. அங்கேயே முழுக்கு எடுத்துக்கொள்வதில் உனக்கு என்ன தடை? அந்தப் போதகர் நல்லவர் என்கிறாயே.

மூன்றாம் அதிகாரம் நீள்கிறது. களைப்பாக இருக்கிறது.

ஆல்வீனா ராபின்சன்

---

கொலோன்,
ஏப்ரல் 11

அன்பான அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். எனக்கு மாடிப்படி ஏற நேரம் ஆகிறது, அவ்வளவுதான். நடுப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

பதிவேட்டில் இல்லை என்கிறாய். சரி. உனக்குத் தெரிந்ததை உனக்கே எழுதுவது அசட்டுத்தனம். ஆனால் ஐம்பத்து மூன்று வருடத்தில் யாரும் ஒரு தடவைகூட இதை எழுதி வைக்கவில்லை. நானாவது எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. நீ கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து டீச்சராக வேண்டும். சபைப் பதிவேட்டிலும் உன் பெயர் இருக்க வேண்டும். மடத்தில் இடம் நிலைக்க வேண்டுமானால் நீ பூசைக்குப் போயாக வேண்டும். நீ கடலில் இறங்குவதை ஒரு கன்னியர் பார்த்தாலும் மறுநாளே நீ பெட்டியோடு வீட்டில் இருப்பாய். அதனால் அந்த ஞாயிறு விடியற்காலையில் நீ மடத்துக் கோவிலில் முதல் வரிசையில், தலையை எண்ணும் மதருக்கு நேர் எதிரே முழங்காலில் நின்றாய். உனக்கென்று தைத்த வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு நான் கடற்கரையில் நின்றேன். ஒரு சாண் நீளம் அதிகம். எனக்குப் பதினாலு வயது.

பெரிய தீவிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை வரும் போதகர் ஹாக்கின்ஸுக்கு நம்மில் யார் யார் என்று தெரியாது. கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். யாரும் வாய் திறக்கவில்லை. வேலைக்காகக் கத்தோலிக்கரான ஒருவர் யார் வீட்டில்தான் இல்லை?

உன் பட்டியலில் ஒன்பதாவது பெயர் உன்னுடையது. தண்ணீருக்குள் போய் வந்தது நான்.

அடுத்த வருடம் அம்மா, "இப்ப உன் பேர்ல இறங்குடி" என்றாள். மாட்டேன் என்றேன். கன்னத்தில் அறைந்தாள். இங்கே போதகரும் அதையே சொல்கிறார், ஆலயத்துக்குள்ளேயே தொட்டி இருக்கிறதாம். அவருக்கும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். இரண்டாவது தடவை இறங்கினால் முதல் தடவை விளையாட்டு என்று ஆகிவிடும். நான் விளையாடவில்லை, அக்கா. அம்மா அனுப்பித்தான் போனேன். ஆனால் தண்ணீரிலிருந்து வெளியே வந்தபோது யாரும் அனுப்பி வந்தவளாக இல்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜெல்மா

---

ஹோவர்ட் குடா,
ஜூன் 4

ஜெல்மாவுக்கு,

கிருபை பெருகுவதாக. பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். நண்டுகள் மலையிலிருந்து இறங்கும் பருவம். அவை நசுங்காதபடி பாதையை மூடிவிட்டார்கள், தபால் படகுக்கு ஆள் அனுப்ப முடியவில்லை. மூச்சு எப்படி இருக்கிறது?

யோசித்துப் பார்த்தேன். 1931-ஆம் ஆண்டுப் பக்கத்தில் பதினாலாவது பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அந்தக் காலத்து நீலக்கறுப்பு மை என்னிடம் உண்டு. ஹாக்கின்ஸின் கையெழுத்தைக் குழந்தையாக இருந்தபோதே நன்றாகப் பார்த்திருக்கிறேன். பதினைந்தாவதாக உன் பெயர் வந்துவிட்டால், பதிவேட்டின்படி கடிதம் எழுத எனக்கு ஒரு தடையும் இல்லை. எவருக்கும் நஷ்டமில்லை.

மற்றதைக் கிளற வேண்டாம். எனக்கு அறுபத்தெட்டு வயது. என் கணவர் இங்கே இருபது ஆண்டுகள் மூத்த உதவிக்காரராக இருந்து, ஆலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். செயலர் வாசிக்க எழுந்தால் சபையும் எழுந்து நிற்கும். இதையெல்லாம் நீ அறிவாய்.

சரி என்று ஒரு வரி எழுது. அன்றே அனுப்புகிறேன்.

ஆல்வீனா

---

கொலோன்,
ஜூன் 27

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை சிரித்துவிட்டேன். சின்ன வயதில் நான் ஒரு காற்புள்ளியை விட்டதற்காக என் காதைத் திருகியவள் நீ.

பதினாலு பேர்தான் இறங்கினோம், அக்கா. பதினைந்து என்று எழுதினால் பொய். பொய்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருவிருந்துக்கு எப்படிப் போவேன்? போகாமல் இருப்பது எனக்குப் பழகிய ஒன்று.

1953-இலும் ஒரு தடவை இங்கிருந்து கேட்டு எழுதினார்கள். "ஜெல்மா நியூபால் என்ற பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லை" என்று பதில் வந்தது. நீ அப்போதுதான் செயலராகியிருந்தாய். டீச்சர் வேலையை விட்டுக் கேப்டனைக் கட்டிக்கொண்டு சபைக்குத் திரும்பிய புதிது. பழைய போதகர் இறந்தபோது அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அழகான கையெழுத்து.

உன் மூன்றாம் அதிகாரத்தில் விலை போனவர்கள் எத்தனை பேரின் பெயர் வருகிறது? நீ எந்தப் பக்கத்தில் வருகிறாய்?

கோபமாக எழுதவில்லை. மூச்சு வாங்குவதால் வரிகள் வெடுக்கென்று வருகின்றன. இரவில் நன்றாகத் தூங்கு.

ஜெல்மா

---

கொலோன்,
ஆகஸ்ட் 8

அன்பான அக்காவுக்கு,

கை வீங்கியிருக்கிறது. இதை எதிர்வீட்டு மர்செலினா எழுதுகிறாள். அதனால் குறைவாகச் சொல்கிறேன். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. படகு வரவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கடிதம் வேண்டாம், அக்கா. நீ புத்தகத்தை முடி. இந்த வயதில் உன்னை அங்கே தலைகுனிய வைத்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. கேட்டிருக்கவே கூடாது. எனக்கும் களைப்பாக இருக்கிறது. இரண்டு பேருமே களைத்துவிட்டோம்.

அம்மா கல்லறையில் புல் வெட்டச் சொல்.

இப்படிக்கு, ஜெல்மா சொல்ல, மர்செலினா

---

ஹோவர்ட் குடா,
செப்டம்பர் 4

என் தங்கை ஜெல்மாவுக்கு,

உனக்குச் சுகம் உண்டாகட்டும். புல் வெட்டியாயிற்று. நானே வெட்டினேன், அதனால் இடுப்பு வலி அதிகம். கேட்டிருந்தாய், சொல்கிறேன்.

உன் ஜூன் கடிதம் எனக்குக் கிடைத்தது. படகு ஒழுங்காகத்தான் வந்தது.

நேற்று முன்தினம், ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம். மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தேன், எல்லாரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். விலை போனவர்களில் பதினேழு பேரின் பெயரைச் சொல்லியிருந்தேன். பலருடைய பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். முடித்துவிட்டு, இதில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது, என்னுடையது என்றேன். பிறகு பதிவேட்டைத் திறந்து ஒன்பதாவது பெயரை வாசித்தேன். அன்று காலை நான் எங்கே இருந்தேன், கடலில் இறங்கியது யார் என்று சொன்னேன். 1953-இல் கொலோனுக்கு எழுதியதையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் பேசியவள் எர்னெஸ்டா. சாவு வீட்டில் நடனமாடினாள் என்று 1961-இல் நான் எழுப்பிய புகாரில் ஆறு மாதம் திருவிருந்திலிருந்து நிறுத்தப்பட்டவள். "அப்ப என்னைப் பின் பெஞ்சுல உக்கார வெச்சது தண்ணியே படாத ஆளா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை அவளால். பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

போதகர் டெல்வின் என்ன செய்வதென்று தெரியாமல், அந்தப் பதினாலு பேரில் உயிரோடு இருக்கும் தியோ ஹோவர்டைப் பார்த்து, இதற்குச் சாட்சி உண்டா என்றார். தியோவுக்கு எழுபது வயது. எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னான்.

"எனக்குப் பின்னால நின்னது ஜெல்மா. அங்கி தடுக்கிடப் போகுதுன்னு ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இது இங்கே கெழடு கட்டைங்க எல்லாத்துக்கும் தெரியும்."

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன்.

"நீ கேட்டியா, ஆல்வீனா? முப்பத்தொரு வருஷமா எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவே. கேட்டதில்லை."

கேப்டனுக்குத் தெரியுமா என்றேன். கேட்டிருக்க வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பே தியோ அவரிடம் சொல்லியிருக்கிறான். "அவளா சொல்ற வரைக்கும் விட்டுரு" என்றாராம். ஜெல்மா, இருபத்தாறு ஆண்டுகள் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் இந்த ஜனங்கள் தெரிந்தே எழுந்து நின்றிருக்கிறார்கள். நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். காப்பாற்றியதற்கு விலை நீ கொடுத்தாய். மன்னிப்பு என்ற சொல்லை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன், அடித்ததைப் பார்த்திருப்பாய்.

முடிவுகள்: ஒன்பதாம் பெயர் திருத்தப்பட்டது, என் கையால், எல்லார் முன்னிலையிலும். செயலர் பொறுப்பை விட்டுவிட்டேன். புத்தகத்தைப் போதகர் முடிப்பார். அதில் ‘ஏறக்குறைய’ வரும். வரட்டும். உன் சபைக்கான கடிதம் நாளை கையெழுத்தாகும்.

என்னை ஞானஸ்நான வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஆறு பிள்ளைகள், எல்லாம் பன்னிரண்டு பதின்மூன்று வயது. வகுப்பு நடத்துகிறவள் எர்னெஸ்டா. அக்டோபர் 14 ஞாயிறு விடியற்காலை முழுக்கு.

இந்தக் கடலோரத்திலேயே பிறந்தும் நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை, உனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. நீ போய் வந்தவள். உள்ளே எப்படி இருக்கும், என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

உன் அக்கா,
ஆல்வீனா

---

ஹோவர்ட் குடா பாப்டிஸ்ட் சபையிலிருந்து,
கொலோன் நகரத்தில் உள்ள சகோதர சபைக்கு வாழ்த்துகள்.

1984 செப்டம்பர் 5

சகோதரி ஜெல்மா நியூபால் 1931 மே 17 அன்று தன் விசுவாசத்தின் பேரில் இங்கே கடலில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர் என்றும், அன்று முதல் ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக இச்சபையின் நற்சாட்சி பெற்ற அங்கத்தினர் என்றும் இதன்மூலம் அறிவிக்கிறோம். எங்கள் பதிவேட்டில் அவர் பெயர் இல்லாதிருந்தது எங்கள் குற்றமே அன்றி அவருடையது அல்ல. 1953-இல் நாங்கள் எழுதிய பதிலைத் திரும்பப் பெறுகிறோம். அவரை உங்கள் ஐக்கியத்துக்குள் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்கிறோம். அனுப்பிக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை, ஆனாலும் அனுப்புகிறோம்.

டெல்வின் ஆர்ச்போல்ட், போதகர்
தியோஃபிலஸ் ஹோவர்ட், உதவிக்காரர்
செயலர்: இடம் காலியாக உள்ளது

---

கொலோன்,
செப்டம்பர் 29

அன்பான அக்காவுக்கு,

சுகம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேனாவைப் பிடிக்க முடிகிறது. மர்செலினா எழுதித் தருகிறேன் என்றாள். இதை நானே எழுத வேண்டும் என்றேன். கடிதம் வந்து சேர்ந்தது. போதகர் அதைச் சபையில் வாசித்தார். அடுத்த ஞாயிறு திருவிருந்து. படியிறங்க முடியாவிட்டால் வீட்டுக்கே கொண்டுவருவதாகச் சொன்னார். நான் இறங்குவேன்.

நீ அடித்ததைப் பார்த்தேன். மூன்றும் படிக்கத் தெரிகிறது. போதும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். முந்தின நாள் மாலையில் நிறையச் சாப்பிடாதே. அங்கியின் ஓரத்தில் கூழாங்கல் வைத்துத் தைக்கச் சொல், இல்லாவிட்டால் மிதந்து மேலே வரும். மணலில் காலை இழுத்து இழுத்து நட. திருக்கை மீன் கிடந்தால் மிதிக்க மாட்டாய். இடுப்பளவு வரும் வரைதான் குளிர். போதகர் ஒரு கையை முதுகில் வைப்பார், இன்னொரு கையால் உன் கையோடு மூக்கையும் சேர்த்துப் பிடிப்பார். பின்னால் சாய்க்கும்போது முழங்காலை மடக்கு. விறைத்து நிற்காதே. நீ விறைத்துத்தான் நிற்பாய், அதனால்தான் சொல்கிறேன். உள்ளே ஒன்றும் கேட்காது. நீ நினைப்பதைவிடச் சீக்கிரம் தூக்கிவிடுவார்கள்.

அதற்கு முன்னால் ஒன்று உண்டு. தண்ணீரில் நிற்கும்போது போதகர் உன் பெயரைக் கேட்பார், கரையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். நான் அன்று அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். நீ தடுமாற வேண்டியதில்லை.

உன் தங்கை,
ஜெல்மா